தூங்கும்போது கிளம்பிப் போகாதீர்கள்

கேள்வி:

தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மாமியாரோடு சேர்ந்து இருக்கிறோம். எனக்கு வயது 36. கார் உதிரி பாகங்கள் செய்யும் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் சென்னைத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளர். கணவர் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறார். மகன் ஐந்தாம் வகுப்பு. மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி.

ஒன்றரை வருடமாக வேலை விஷயமாக ஸ்டுட்கார்ட் பக்கம் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம். ஃப்ளைட் எப்போதும் நள்ளிரவுக்கு மேல்தான். “முழிச்சிருந்தா அழுது ஊரைக் கூட்டுவா, தூங்கினப்புறம் கிளம்பு” என்று அத்தை சொல்வதால், மகள் தூங்கிய பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். அங்கே போனதும் தினமும் இந்திய நேரம் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ கால். முதல் இரண்டு நாள் அழுவாள். அப்புறம் போன் பக்கமே வருவதில்லை. திரும்பி வந்தால் என்னிடம் வராமல் ஆயாவின் (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவாள்) முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான்கைந்து நாளில் அப்படியே தலைகீழ். என்னைப் பாத்ரூமுக்குக்கூடப் போக விடமாட்டாள். ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு எழுந்து நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று தடவிப் பார்க்கிறாள்.

மகன் நான் இல்லாதபோது சமத்தாக இருக்கிறானாம். நான் வந்ததும் எதற்கெடுத்தாலும் கத்துகிறான். போன தடவை “நீ அங்கேயே இரு” என்று சொல்லிவிட்டான். ஹாலில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம். அதை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதனாலேயே அத்தைக்கும் எனக்கும் மனஸ்தாபம். “பெத்தவ ஊர் ஊரா சுத்தினா புள்ளைங்க இப்படித்தான் ஆகும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த பயணம் நவம்பரில். அது போக, அடுத்த வருடம் ஆறு மாதம் அங்கேயே வந்து இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்: இந்தப் பயணங்கள் என் பிள்ளைகளின் மனதைக் கெடுத்துவிடுமா? வேலையை விட்டுவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: குழந்தைகள் மனநல ஆலோசகர், ராயபுரம்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விகளைவிட, நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மகள் தூங்கிய பிறகு கிளம்புகிறீர்கள். திரும்பி வந்த பின் அவள் நடுராத்திரியில் எழுந்து உங்களைத் தடவிப் பார்க்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது இவ்வளவுதான்: படுக்கும்போது அம்மா இருந்தாள், கண் விழித்தபோது இல்லை. ஒவ்வொரு தடவையும் இதேதான். விசா, டிக்கெட், ஆபீஸ் எதுவும் நான்கு வயதுக்குப் புரியாது. ஆனால் ‘நான் தூங்கினால் அம்மா போய்விடுவாள்’ என்று கணக்குப் போட அந்தப் புத்தி தாராளமாகப் போதும். போட்டுவிட்டாள். அதனால் ராத்திரியில் காவல் காக்கிறாள். பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்பதும் அதே காவல்தான். இதைப் பிடிவாதம் என்றோ செல்லம் என்றோ பார்க்காதீர்கள். கிடைத்த அனுபவத்திலிருந்து சரியான பாடத்தைத்தான் அவள் படித்திருக்கிறாள். அனுபவத்தை மாற்ற வேண்டியது நாம்.

உங்கள் அத்தை சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம் வீடுகளில் காலம் காலமாகச் சொல்வதுதான் இது. அழுகிற குழந்தையை விட்டுக் கிளம்புவது போகிறவருக்கும் கஷ்டம், இருக்கிறவருக்கும் கஷ்டம். ஆனால் தூங்கும்போது கிளம்பினால் அந்த அழுகை இல்லாமல் போய்விடுவதில்லை. வாசலில் பத்து நிமிடம் அழ வேண்டியதை அவள் மூன்று வாரமும், அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரியாகவும் தவணையில் அழுகிறாள். நவம்பரில் இதை மட்டும் மாற்றுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

நள்ளிரவுக்கு மேல் ஃப்ளைட் என்றால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்காவது வீட்டை விட்டுக் கிளம்புவீர்கள். ஏழரைக்குச் சாப்பாட்டை முடித்து, பெட்டியை அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாசல் பக்கம் வைத்துவிடுங்கள். அவளை மடியில் உட்காரவைத்து நடக்கப் போவதை அப்படியே சொல்லுங்கள். “அம்மா இன்னிக்கு ராத்திரி ஏர்போர்ட் போறேன். காலைல நீ எழுந்தா அப்பா பக்கத்துல இருப்பாரு. ஆயா பல்லு தேய்ச்சு விடுவாங்க. காலண்டர்ல அந்த ஸ்டார் வர்ற அன்னிக்கு அம்மா வந்துடுவேன்.” அழுவாள். அழட்டும். “அழாதே, சாக்லேட் வாங்கிட்டு வர்றேன்” என்று வாயை அடைக்க வேண்டாம். “அழுதா அம்மா போக மாட்டேன்” என்ற பொய் இன்னும் மோசம். அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள். பிறகு உங்கள் கணவர் அவளை வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் அவள் பார்க்கும்போதே கதவைத் தாண்டிப் போங்கள். திரும்பத் திரும்ப உள்ளே வந்து முத்தம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒரு தடவை விடைபெற்றால் அது விடைபெற்றதாக இருக்க வேண்டும். அத்தையிடம் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அன்றைக்கு ராத்திரி அவருக்கும் கைகால் ஓடாது.

காலண்டர் என்றேனே, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரைத்தான் சொன்னேன். ‘மூன்று வாரம்’, ‘இருபது நாள்’ என்பதெல்லாம் அவள் வயதுக்கு வெறும் சத்தம். காலையில் எழுந்ததும் ஒரு தாளைத் தன் கையால் கிழிப்பது அப்படி இல்லை. கட்டு மெலிவது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வந்து சேரும் நாளின் தாளில் அவள் முன்னாலேயே பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போங்கள். ஒரு எச்சரிக்கை: திரும்பும் தேதி தள்ளிப்போக வாய்ப்பிருந்தால் இரண்டு நாள் தள்ளியே போடுங்கள். முன்னால் வந்தால் கொண்டாட்டம்தான். நட்சத்திரத் தாளைக் கிழித்தும் அம்மா வரவில்லை என்றால் அடுத்த தடவை உங்கள் பேச்சு எடுபடாது.

இன்னொன்றும் செய்யலாம், உங்கள் ஏரியாவுக்கு அது சுலபம். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து, தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். உள்ளே போக முடியாவிட்டால் பரவாயில்லை. வெளியே நின்று கட்டிடத்தைக் காட்டி, “இந்தக் கதவு வழியாத்தான் அம்மா உள்ள போவேன், வரும்போது அந்தப் பக்கமா வெளியே வருவேன்” என்று சொன்னால் போதும். அம்மா காணாமல் போகும் இடத்துக்கு ஒரு கதவும் ஒரு ரயிலும் வந்துவிடும். திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் அந்த இடத்தின் மேல் நல்ல எண்ணமும் சேரும்.

எப்போது சொல்வது என்பதில் மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கு வேண்டாம். மகளுக்கு ஒரு வாரம் முன்னால், அந்த ஏர்போர்ட் போய்வரும் நாளில் சொன்னால் போதும். ஒரு மாதம் முன்பே சொன்னால் ஒரு மாதமும் பயம்தான் மிஞ்சும். மகனுக்கு டிக்கெட் உறுதியான அன்றே சொல்லுங்கள். பெரியவர்கள் கிசுகிசுப்பதைக் காதில் வாங்கித் தானாகத் தெரிந்துகொள்வது அந்த வயதில் ஒரு அவமானம்.

இப்போது அவள் முகம் திருப்பும் விஷயம். 1950-களில் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரும் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவரும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சின்னக் குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். அப்போது அங்கே பெற்றோர் கூடத் தங்க முடியாது, பார்வை நேரத்தில் மட்டும் வந்து போகலாம். பிள்ளைகள் முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பிறகு சோர்ந்து அடங்கினார்கள். அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நர்ஸுகள் நினைக்கும்படி விளையாடினார்கள், ஆனால் தாய் வந்தால் யாரோ எவரோ என்பது போலத் திரும்பிக்கொண்டார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் வார்டில் தாய் கூடவே இருக்க முடிகிறது என்றால் அதில் அந்த இருவரின் உழைப்புக்கும் பங்குண்டு.

உங்கள் மகள் நிலைமை அந்த அளவுக்கு இல்லை. அந்தக் குழந்தைகள் தெரியாத இடத்தில், தெரியாத முகங்களுக்கு நடுவில் இருந்தவர்கள். இவள் தன் வீட்டில், தன் பாயில், அப்பா, அண்ணன், ஆயாவோடு இருக்கிறாள். இது பெரிய வித்தியாசம். உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. தெரிந்த கைகள் சுற்றி இருக்கும்போது மூன்று வாரப் பிரிவு ஒரு பிள்ளையின் மனதைக் கெடுத்துவிடாது. ஆனால் முகம் திருப்புவதன் அர்த்தம் இரண்டு இடத்திலும் ஒன்றே. பிடிக்காமல் போனதால் திரும்பிக்கொள்வதில்லை. இந்தத் தடவை நம்பலாமா என்று பார்க்கிறாள். அதனால் வந்ததும் வராததுமாக அவளைத் தூக்க ஓடாதீர்கள். “அம்மாவைப் புடிக்கலையா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அவள் விளையாடும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள். பெட்டியைப் பிரியுங்கள், துணியை மடியுங்கள். அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம், அவளே வருவாள். அதுவரை ஆயாவின் முந்தானை அவளுக்கு இருக்கட்டும். அது இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

வீடியோ கால் நேரத்தை மாற்றுங்கள். இரவு ஒன்பது மணி நான்கு வயதுக் குழந்தைக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரம். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தைக் காட்டி, தொடவும் முடியாது என்றால் அழாமல் என்ன செய்வாள்? அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். நவம்பரில் நாம் அவர்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருப்போம், கோடையில் மூன்றரை. உங்கள் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்றால் இங்கே மாலை ஐந்து. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து தட்டில் ஏதாவது வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். நீங்கள் அங்கே உங்கள் பிரெட்டைத் தின்னுங்கள், அவள் இங்கே போண்டாவைத் தின்னட்டும். பத்து நிமிடம் சேர்ந்து தின்றால் அதுவே பெரிய பேச்சு.

அந்தப் பத்து நிமிடத்தில் “சாப்பிட்டியா, படிச்சியா, ஹோம் ஒர்க் முடிச்சியா, ஆயா சொன்னதைக் கேட்டியா” வேண்டாம். அது விசாரணை. விசாரணைக்கு வராமல் ஓடுவது புத்திசாலிப் பிள்ளை செய்யக்கூடியதுதான். ஹோட்டல் ஜன்னலைக் காட்டுங்கள். காலில் போட்டிருக்கும் கனமான சாக்ஸைக் காட்டுங்கள். அவள் பாதியில் எழுந்து ஓடினால், “சரி, நீ விளையாடு, நாளைக்குப் பார்க்கலாம்” என்று விட்டுவிடுங்கள். போன் முன்னால் அவளை இழுத்து உட்காரவைக்கும் வேலையை வீட்டில் யாருக்கும் கொடுக்காதீர்கள். போன், திரை என்று கவலைப்படத் தேவையில்லை. ஒன்றரை வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம் என்று 2016-ல் அறிவுறுத்திய அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. எதிரே இருப்பவர் பதில் சொல்கிறார், அதுதான் காரணம்.

கேமராவுக்கு வருகிறேன். எடுத்துவிடுங்கள்.

உங்கள் நிம்மதிக்காக வைத்தது என்கிறீர்கள். ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு மகள் அழுவதை ஊமைப்படமாகப் பார்ப்பதில் என்ன நிம்மதி கிடைக்கும்? உடனே போன் போடுவீர்கள். “ஏன் அழறா? ஏன் இன்னும் டிவி ஓடுது? அவனுக்குப் பாலு கொடுத்தாச்சா?” என்பீர்கள். இந்தப் பக்கத்திலிருந்து யோசியுங்கள். உங்கள் அத்தை இந்த வயதில் காலையிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டு, மத்தியானம் தன் சொந்த ஹாலில் காலை நீட்டிப் படுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் பக்கத்து வீட்டில் சொன்ன வார்த்தை உங்களைச் சுட்டிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் கண்காணிக்கப்பட்ட ஒரு பெரியவர் வேறு எங்கே போய்ப் புலம்புவார்? பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அம்மா கேமராவில் கேட்டால்தான் எதுவும் நடக்கும் என்றால் அப்பா, ஆயா பேச்சுக்கு வீட்டில் என்ன மரியாதை? திருட்டுப் பயம் என்றால் கேமராவை வாசல் பக்கம் திருப்பி மாட்டுங்கள்.

இன்னொன்று. இவ்வளவு பெரிய கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், பாரிமுனையில் வேலை செய்கிறார் என்று. நீங்கள் ஊரில் இல்லாதபோது ராத்திரி இரண்டு மணிக்கு மகள் எழுந்தால் யார் எழுந்து தட்டிக் கொடுக்கிறார்? ஜுரம் வந்தால் சிரப் எத்தனை மில்லி என்று யாருக்குத் தெரியும்? பதில் ‘அத்தை’ என்றால், குடும்பத்தின் நிஜமான இடைஞ்சல் ஜெர்மனியில் இல்லை.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. பல வீடுகளில் அப்பாவுக்கு இடம் விடுவதே இல்லை. சிலிண்டர் புக் செய்தது உங்கள் நம்பரில் என்பதால் டெலிவரி நம்பர் உங்கள் போனுக்கு வரும். இங்கே காலை ஒன்பது மணிக்கு சிலிண்டர் வந்தால் அங்கே விடியற்காலை நாலரை. எல்.கே.ஜி. வாட்ஸ்அப் குரூப்பிலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாளைக்கு மஞ்சள் டிரஸ் போட்டு அனுப்பணும் என்ற செய்தியை ஸ்டுட்கார்ட்டில் மீட்டிங்கில் உட்கார்ந்து படித்து, வீட்டுக்குப் போன் போட்டு, அதிலிருந்து ஒரு சண்டை. இதையெல்லாம் இந்த மாதமே அவர் நம்பருக்கு மாற்றுங்கள். பள்ளி குரூப், கேஸ், டாக்டர் சீட்டுகள், வேன்காரர் நம்பர் எல்லாமே. அதைவிட முக்கியம், கிளம்புவதற்கு முந்தைய வாரம் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே காலை வேலை முழுவதையும் அவர் செய்து பார்க்கட்டும். மகளுக்குப் பின்னல் கோணலாகத்தான் வரும். வரட்டும். வாயைத் திறக்காமல் காபி குடியுங்கள். ராத்திரி எழுந்து தட்டிக் கொடுப்பதும் இனி அவர் வேலை. அத்தை தூங்கட்டும். நன்றாகத் தூங்கியவர்கள் பக்கத்து வீட்டில் இவ்வளவு பேசுவதில்லை.

மகன் விஷயத்தில் எனக்குக் கவலை தந்தது அவன் கத்துவது இல்லை. நீங்கள் இல்லாதபோது ‘சமத்தாக’ இருப்பதுதான். “அம்மா ஊர்ல இல்ல, நீதான் பெரியவன், தங்கச்சியைப் பார்த்துக்கணும்” என்று யாரோ அவனிடம் சொல்லியிருப்பார்கள், அநேகமாக எல்லாருமே சொல்லியிருப்பார்கள். பத்து வயதுப் பையன் மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரியவனாக நடித்துவிட்டு, நீங்கள் வந்ததும் விடுகிறான். விடுவதற்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்றால் உங்கள் முன்னால் கெட்ட பிள்ளையாக இருக்கலாம் என்ற தைரியம் அவனுக்கு இருக்கிறது. கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் இது நல்ல செய்தி.

“நீ அங்கேயே இரு” என்றால், “அம்மாவைப் பார்த்து இப்படிப் பேசலாமா?” என்று ஆரம்பிக்காதீர்கள். “கோவமா இருக்க, இல்ல? மூணு வாரம் ரொம்ப நாளுதான்” என்று சொல்லி நிறுத்துங்கள். பதில் வராவிட்டாலும் சரி. ராத்திரி லைட் அணைத்த பிறகோ, எங்காவது நடந்து போகும்போதோ, முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில் பேசுவான். “உங்களுக்காகத்தான்டா இவ்வளவு கஷ்டப்படறேன்” என்ற வசனம் மட்டும் வேண்டாம். அவன் கேட்காத கடனை அவன் தலையில் எழுதுவது அது. உண்மையைச் சொல்லுங்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும், வீட்டுக் கடனுக்குப் பணமும் வேண்டும், இரண்டும் உண்மைதானே? தொழிற்சாலையில் எடுத்த படங்களைக் காட்டுங்கள், ஒரு பாகத்தை எப்படி அளந்து பார்த்து ‘இது சரியில்லை’ என்று ஒதுக்குவீர்கள் என்று சொல்லுங்கள். அம்மா அங்கே போய் என்னதான் செய்கிறாள் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்து அவனை வாய்விட்டு விடுவித்துவிடுங்கள்: “அது அப்பா வேலை, உன் வேலை இல்ல.” (வந்ததும் “என்ன வாங்கிட்டு வந்த?” என்று பிள்ளைகள் கேட்டால் மனம் நோகாதீர்கள். பர்மா பஜாரிலிருந்து வரும் மாமாவிடமும் அதைத்தான் கேட்பார்கள்.)

திரும்பி வந்த முதல் சில நாட்கள் உங்களுக்கே கடினம். நவம்பரில் இங்கே காலை ஏழு மணிக்கு மகனை ஸ்கூலுக்குக் கிளப்பும்போது உங்கள் உடம்பின் கடிகாரத்தில் ராத்திரி இரண்டரை. மேற்கே போவதைவிட அங்கிருந்து கிழக்கே திரும்பி வருவதுதான் உடம்புக்குச் சிரமம். அந்த நேரத்தில் அவன் ஷூவைத் தேடினால் நீங்கள் கத்துவீர்கள், அவனும் கத்துவான். அதனால் முதல் மூன்று நாள் காலை நேரம் அப்பாவிடமே இருக்கட்டும். சமையல் மேடையை மறுபடி உங்கள் இஷ்டத்துக்கு அடுக்குவதும், “யாரு இதை இங்க வெச்சது?” என்பதும் ஒரு வாரம் காத்திருக்கலாம்.

இது நீங்கள் பெண் என்பதால் வருகிற சிக்கல் என்று நினைக்காதீர்கள். காசிமேட்டில் விசைப்படகு ஏறினால் பல நாள் கடலிலேயே தங்கித் திரும்பும் அப்பாக்கள் எத்தனையோ பேர். கப்பலில் வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வராதவர்களும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் உண்டு. “பெத்தவன் கடல் கடலா சுத்தினா புள்ளை என்ன ஆகும்” என்று யாரும் கேட்பதில்லை, அது உங்கள் காதுக்கு மட்டும் வரும் கேள்வி. ஆனால் அந்த வீடுகளிலும் உரசல் வருவது பெரும்பாலும் அப்பா வீட்டில் இருக்கும்போதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீட்டில் அவர் திடீரென்று சட்டம் போட ஆரம்பிப்பார். யார் போனாலும் வந்தாலும், இருந்தவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியில் மெதுவாகத்தான் ஏற வேண்டும்.

நவம்பர் என்பதால் ஒன்று. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் கரண்டும் போன் சிக்னலும் ஒன்றாகப் போனது. நீங்கள் தூரத்தில் இருக்கும்போது அப்படி நடந்தால் பயந்தே போவீர்கள். தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் வேறு ஏரியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் நம்பரை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறினால் பிள்ளைகள் யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

மகளின் ராத்திரி விழிப்பு நீங்கள் திரும்பி ஒரு மாதம் ஆகியும் குறையவில்லை, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருகிறது, சாப்பாடு குறைகிறது, பள்ளிக்குப் போகவே மறுக்கிறாள், மகன் யாருடனும் பேசாமல் ஒதுங்குகிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடுவதா என்றால், இந்தக் காரணத்துக்காக இப்போது விடாதீர்கள். ஊரிலிருந்து திரும்பிய முதல் இரண்டு வாரத்தில் அந்த முடிவை எடுக்கவே எடுக்காதீர்கள். குற்ற உணர்ச்சியும் தூக்கமின்மையும் சேர்ந்து எழுதும் ராஜினாமா கடிதம் அது. நவம்பர் பயணத்தை நான் சொன்னபடி செய்து பாருங்கள். கூடவே மூன்று வாரத்தை இரண்டாகக் குறைக்க முடியுமா என்று ஆபீஸில் கேளுங்கள். கேட்காமலே ‘ஒத்துக்க மாட்டாங்க’ என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம்.

ஆறு மாதம் வேறு விஷயம். அதில் நான் இவ்வளவு தாராளமாக இல்லை. நான்கு வயதுக்கு ஆறு மாதம் ஒரு யுகம், காலண்டர் தாளால் அதைச் சமாளிக்க முடியாது. தனியாக ஒரேயடியாகப் போவதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒன்று, நடுவில் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வந்து போக கம்பெனி டிக்கெட் தர வேண்டும். இல்லையென்றால் கோடை விடுமுறையை உள்ளடக்கிய மாதங்களாகக் கேளுங்கள். மே மாதம் முழுக்கப் பிள்ளைகளும் கணவரும் உங்களோடு அங்கே இருக்கலாம். அதற்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஆறு மாதமும் மகளைக் கூடவே வைத்துக்கொள்வதென்றால் உங்களுக்கும் அவளுக்கும் தனித்தனியாக ஜெர்மனியின் நீண்ட கால விசா வேண்டும். அங்கே பகலில் அவளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். இதில் எதற்கும் கம்பெனி ஒத்துவராவிட்டால் அந்த ஆறு மாதத்தை மட்டும் மறுத்துவிடுங்கள். வேலையை மறுப்பதும் அதுவும் ஒன்றல்ல.

ஆபீஸுக்குப் பதில் சொல்வதற்கு முன் கணவரோடும் அத்தையோடும் உட்கார்ந்து பேசுங்கள். மகனிடமும் அபிப்பிராயம் கேளுங்கள். கேட்கும்போதே, முடிவெடுப்பது பெரியவர்கள், அவன் என்ன சொன்னாலும் பழி அவன்மேல் வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.